எங்கள் ஓடையைப் படிக்கச் சொல்லித்தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

கடைசி நாள் தேத்தண்ணி குடித்துவிட்டு நீங்கள் வேன் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியவில்லை. நானுஓயா ஊருக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடையில் உங்களோடு இறங்கி நின்றவர்கள் எல்லாருக்குமாக நான் எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தம்பி தங்கச்சிமாரே, முதல் நாள் வலையும் வெள்ளைத் தட்டும் எடுத்து வைத்தபோது மீன் பிடிக்கப் போகிறோம் என்றுதான் நினைத்தோம். மூன்று நிமிடம் காலால் கற்களைக் கிளறி, தண்ணி அடித்து வருவதைக் கீழே வலையில் பிடிக்கச் சொன்னீர்கள். தட்டில் கலங்கல் அடங்கியதும் பார்த்தால், மூன்று வாலோடு தட்டையாக ஒரு பூச்சி. மணல் துணுக்கை ஒட்டி வீடு கட்டிக்கொண்ட ஒரு புழு. ஒட்சிசன் நிறைய உள்ள தண்ணியில்தான் இவை வாழும், அழுக்கு ஏறினால் முதலில் போவதும் இவைதான் என்றீர்கள். பிறகு லயத்துக் கழிவுத்தண்ணி ஓடும் கான் வந்து விழும் இடத்தில் வலை போட்டோம். தட்டு முழுக்கச் சிவப்புப் புழு. யாரும் பேசவில்லை. அது எங்கள் கான்.

இந்த ஓடை நானுஓயா ஆற்றில் சேர்ந்து, கொத்மலை ஓயாவோடு கலந்து, 2012இல் திறந்த மேல் கொத்மலை அணையில் தலவாக்கலையில் தேங்கி, பிறகு மகாவலியோடு திருகோணமலைக் கடல்வரை போகிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினீர்கள். குடிக்க, துவைக்க என்று மட்டுமே பார்த்த தண்ணியை அன்றைக்குத்தான் வேறு கண்ணால் பார்த்தோம்.

ஓடையில் அளந்ததையும் கண்டதையும் எழுதிவைக்கச் சிங்களத்தில் மட்டும் வந்த பதிவேட்டை இரவோடிரவாகத் தமிழில் எழுதித் தந்த டீச்சருக்கு நன்றி. 'கலங்கற்தன்மை' என்று எழுதியிருந்தீர்கள். கொழுந்து எடுக்கும் அக்காமார் 'கலங்கல்' என்றாலே போதும் என்றதும், நீங்களே வெட்டித் திருத்தினீர்கள். அந்த அக்காமாருக்கும் நன்றி. துணி துவைக்க, விறகு எடுக்கக் கிடைப்பது அந்த ஒரு ஞாயிறுதான். அதை ஓடைக்குக் கொடுத்தீர்கள். முன்பு நண்டு இருந்த கற்களை ஒவ்வொன்றாகக் காட்டித் தந்த கடைசி லயத்துப் பாட்டி இல்லாவிட்டால், எந்த இடத்தில் அளப்பது என்றே தெரிந்திருக்காது.

கீழ்க் கிராமத்துச் சிங்கள அண்ணன்மார் வெட்டிவேர் நாற்றைத் தோளில் சுமந்து ஏறி வந்தார்கள். அதன் வேர் 10 அடி வரைகூட இறங்கி மண்ணைப் பிடிக்குமாம். நட்டு முடிக்கும்வரை அவர்கள் சாப்பிடவில்லை. கரையோரம் 10 அடிக்கு மண்வெட்டி போடாமல், மருந்து அடிக்காமல் விட்டுத்தந்த, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை ஐயாவுக்கும், ஐந்து வீட்டுக் கழிவுத்தண்ணிக்கு ஊறுகுழி வெட்டிய இளைஞர்களுக்கும் எங்கள் நன்றி.

குப்பை வண்டி அனுப்புவதாகச் சொன்ன இடத்துக்கு மூன்று தடவை போனோம். இன்னும் வரவில்லை. முன்பு வெறுங்கையோடு போனோம், இனிப் போகும்போது பதிவேடு இருக்கும்.

போன ஞாயிறு, கான் விழும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, மூன்று வால் பூச்சி ஒன்று கிடைத்தது. ஒன்றே ஒன்று. தட்டைச் சுற்றி எட்டுப் பேர் குனிந்து நின்றோம். பார்த்து முடிந்ததும் அதே கல்லடியில் கொண்டுபோய் விடச் சொன்னார் பாட்டி.

அன்புடன்,
நானுஓயாக் கரையிலிருந்து, தோட்டத்துப் பிள்ளைகளில் ஒருத்தி