கூடைக் கணக்கு மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏக்கருக்கு நூறு கூடைக்கு மேல் நெல் கண்ட விவசாயிகளைப் பாராட்டித் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பாடுபட்டு விளைவித்தவர்களைப் பாராட்டியது பொருத்தமே. ஆனால், ஏக்கருக்கு எத்தனை கூடை என்ற ஒரே கணக்கை வைத்துக்கொண்டு இன்னார் திறமையாகப் பயிர் செய்கிறார், இன்னார் பின்தங்கிவிட்டார் என்று தீர்ப்புச் சொல்லியிருப்பது, மியான்மரின் மோன் மாநிலத்திலும் பெகு வட்டாரத்திலும் நெல்லை நம்பி வாழும் நம்மவர்களுக்குத் தவறான வழியைக் காட்டிவிடுமோ என்று அஞ்சியே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கூடையையே எடுத்துக்கொள்வோம். ஒரு கூடை நெல் என்பது 46 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 21 கிலோ என்பது இந்நாட்டில் வழங்கும் எடைக் கணக்கு. களத்திலோ பல இடங்களில் இன்னும் முகந்துதான் அளக்கிறார்கள். தலைதட்டி அளந்தால் ஓர் அளவு, குவித்து அளந்தால் வேறோர் அளவு. சரியாகத் தூற்றாத நெல்லில் பதரும் கருக்காயும் கூடையை நிரப்புமே தவிர எடைக்கு நிற்காது. இதைவிடப் பெரிய வேறுபாடு ஈரத்தால் வருவது. அறுவடை எந்திரத்திலிருந்து நேராகக் கொட்டும் நெல்லில் 22 சதவீதம் ஈரம் இருந்தால், சேமிக்கத் தகுந்த 14 சதவீதத்துக்கு அது காய்ந்து வரும்போது, எடைக்கு நூறு கூடையாக இருந்தது 91 கூடைக்குள் அடங்கிவிடும். கோடை நெல்லைப் பச்சையாகவே எடை போட்டவரையும், மழைக்கால நெல்லை அறுத்துக் களத்தில் நன்றாகக் காயவைத்துப் பிறகு எடை போட்டவரையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக எழுதுவது எப்படி நியாயமாகும்? நெல்மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தே விலை பேசும் வியாபாரிக்குத் தெரிந்த இந்த வேறுபாட்டுக்குக் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை.

வயலில் ஒரு சிறு சதுரத்தை மட்டும் அறுத்து, அதை ஏக்கருக்குப் பெருக்கிச் சொல்லும் முறையிலும் கவனம் வேண்டும். இந்தியாவில் 1940-களில் இதை ஆராய்ந்த புள்ளியியல் அறிஞர் பி. வி. சுகாத்மே, அறுக்கும் சதுரம் மிகச் சிறியதாக இருந்தால் விளைச்சல் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும் என்று காட்டினார். கோட்டின் மேல் நிற்கும் பயிரையும் உள்ளே சேர்த்து அறுத்துவிடும் பழக்கமே அதற்கு முதற்காரணம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது உழைப்பைப் பற்றியது. 2016-இல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, நம் நாட்டில் ஓர் ஆள் ஒரு நாள் வயலில் உழைத்தால் கிடைக்கும் நெல் 23 கிலோ. அதுவே கம்போடியாவில் 62 கிலோ, வியட்நாமில் 429 கிலோ, தாய்லாந்தில் 547 கிலோ. நம் கணக்கில் சொன்னால், இங்கே ஒரு நாள் பாட்டுக்கு ஒரு கூடையும் கொஞ்சமும், தாய்லாந்தில் 26 கூடை. தாய்லாந்தின் சராசரி விளைச்சலோ ஹெக்டேருக்கு 3 டன் அளவில்தான் நிற்கிறது. ஏக்கருக்கு 58 கூடை போல வரும். கட்டுரையின் அளவுகோலால் அளந்தால் தாய்லாந்து விவசாயி பட்டியலின் அடியில்தான் கிடப்பார். நம் பிள்ளைகளோ கூலி வேலை தேடி அந்த நாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நிலம் குறைவாகவும் ஆட்கள் நிறையவும் உள்ள இடத்தில் ஏக்கர்க் கணக்கு பயன்படும். 1977-இல் ஷ்வேபோ, தைச்சி வட்டங்களில் உயர்விளைச்சல் நெல் திட்டம் தொடங்கிய காலத்தில் ஊரில் ஆள்பலம் இருந்தது. அப்போது ஏக்கருக்கு இத்தனை கூடை என்று இலக்கு வைத்ததில் பொருள் உண்டு. இன்று எங்கள் பக்கம் நாற்றுப் பறிக்கவும் நடவு செய்யவும் ஆள் கிடைப்பதில்லை. வயலில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள். ஆள் வரக் காத்திருந்து முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டாது. தூர் குறைந்தால் கதிரும் குறையும். அதனால் பலர், நாற்று நடாமல் வயலிலேயே விதையைத் தூவும் நேரடி விதைப்புக்கு மாறினார்கள். விதை நெல் கூடுதலாகச் செலவாகும், களையும் தொல்லை கொடுக்கும், கூடையும் சில குறையும். ஆனாலும் மிச்சப்படும் ஆள்கூலியை எண்ணிப் பார்த்தால் அவர்கள் செய்தது விவரமான காரியம். அவர்களைப் பின்தங்கியவர்கள் என்று எழுதியதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது.

தாய்லாந்தின் அந்த 547 கிலோவுக்குப் பின்னால் எந்திர வாடகையும் டீசலும் கடனும் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. அதேபோல, நம் வீடுகளில் மனைவியும் பிள்ளைகளும் களையெடுத்த நாட்களை யாரும் செலவில் எழுதுவதில்லை. எழுதினால், லாபம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி அவர்களுக்குக் கொடுக்காத கூலி என்பது தெரியவரும்.

உரத்துக்கும் இதே கணக்குத்தான். 50 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 23 கிலோ. முதல் மூட்டை தரும் விளைச்சலை மூன்றாவது மூட்டை தருவதில்லை. நூறு கூடையை எட்டுவதற்காகக் கடைசியாகப் போட்ட மூட்டை, தன் விலையையாவது திருப்பித் தந்ததா என்பதே கேள்வி. இன்னொன்று: பவ்சான் என்னும் நம் நாட்டு ரக நெல்லைப் போடுகிறவருக்குக் கூடை குறையும், ஆனால் விலை கூடும். 2011-இல் உலகின் சிறந்த அரிசி என்று பரிசு பெற்ற இந்த ரகத்தைப் பயிர் செய்கிறவர், கூடைப் பட்டியலில் சோம்பேறியாகத் தெரிவார்.

ஆகவே, இனி விளைச்சல் விவரம் வெளியிடும்போது, கூடை எண்ணிக்கையோடு எடை போட்டபோது நெல்லில் இருந்த ஈரம், வீட்டாட்களையும் சேர்த்து ஏக்கருக்கு ஆன ஆள்நாட்கள், ரொக்கச் செலவு, மில்லில் அரைத்தபோது கிடைத்த முழு அரிசியும் நொய்யும் எவ்வளவு என்பவற்றையும் கேட்டு வாங்கிச் சேர்த்து வெளியிடுமாறு வேண்டுகிறேன். எல்லோரிடமும் எல்லா விவரமும் இருக்காது, ஆள்நாட்களையாவது விட்டுவிடாதீர்கள். என் வயலின் கணக்கை அடுத்த அறுப்பு முடிந்ததும் இந்த முறையிலேயே எழுதி அனுப்பி வைக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
தட்டோன், மோன் மாநிலம்