பெயருக்குக் கொடுக்கிற காசு

அன்பு மகளுக்கு,

போனில் நீ கேட்டது ஒரு கேள்வி: சாமான் வாங்கும்போது பேர் பெற்ற கம்பனியின் சாமானுக்குக் கூடக் காசு கொடுக்க வேண்டுமா, மலிவானது போதுமா? அதற்கு அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் இரண்டு பதில் சொன்னோம். "பேர் தெரிந்த சாமானையே வாங்கு" என்றார் அம்மா. "எல்லாவற்றுக்கும் வேண்டாம்" என்றேன் நான். நீ சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாய். புது அனெக்ஸுக்கு இந்தக் கிழமைதானே சாமான் வாங்கப் போகிறாய், அதற்குள் கைக்குக் கிடைக்கட்டும் என்று ஆறுதலாக எழுதுகிறேன்.

கடைக்காரனாகவே தொடங்குகிறேன். மத்திய வீதியில் நம் கடையில் வருகிறவர்களின் கண்ணுக்கு நேரே எந்தச் சவர்க்காரம் இருக்க வேண்டும் என்பதை நான் தீர்மானிப்பதில்லை. கம்பனி ரெப் வந்து அடுக்கிவிட்டுப் போகிறார், அதற்குக் கொஞ்சம் கழிவும் தருகிறார். கடையின் பெயர்ப்பலகையைக்கூட ஒரு கம்பனி தன் நிறத்திலேயே அடித்துத் தந்தது. ரீ.வி. விளம்பரம், லொறி, பலகை, எனக்குத் தருகிற கழிவு எல்லாமே கடைசியில் அந்தச் சவர்க்காரக் கட்டியின் விலைக்குள்தான் வந்து சேரும்.

ஆனால் அந்தக் கூடுதல் காசு முழுவதும் வீண் என்று சொல்ல மாட்டேன். சாமான் பழுதென்றால் கம்பனிக்கு ஒரு விலாசம் இருக்கிறது. ரெப்பிடம் சொன்னால் அடுத்த முறை மாற்றித் தருவார், பெயர் கெட்டுவிடும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. பெயரில்லாத சாமானைத் திருப்பிக் கொண்டுவருகிறவருக்கு நான் கையை விரிக்க வேண்டியதுதான். அதனால் ஒரு சாமானுக்குக் கூடக் கொடுக்கும் முன் இப்படி யோசி: இது பழுதானால் எனக்கு என்ன நட்டம், யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பேன்? சண்டைக்கே இடமில்லாத சாமான் என்றால் மலிவானதை எடு.

உப்பு அப்படிப்பட்டது. சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்க்க வேண்டும் என்று 1995 முதல் சட்டம் இருக்கிறது. பக்கெற்றில் அது எழுதியிருக்கிறதா, உப்பு ஈரம் கட்டாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சீனி, பருப்பும் அப்படித்தான், கண்ணால் பார்த்து வாங்கலாம். கோதுமை மாவைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, பிறிமா ஆலையைப் பார்த்துக்கொண்டே சீனக்குடாப் பக்கம் எத்தனை தரம் போயிருப்பாய். கப்பலில் வருகிற கோதுமை அங்கேயே இறங்கி அரைபடுகிறது. நம் கடையில் மூடையை அவிழ்த்து நிறுத்துக் கொடுப்பதும் அந்த மாதான். பக்கெற்றில் வாங்கினால் திகதி பார்க்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம். நீ தனியாள், கிழமைக்கு ஒரு நாள் ரொட்டி சுடுகிறவள். மலிவென்று ஐந்து கிலோவை அள்ளிக்கொண்டு போனால் வண்டுதான் சாப்பிடும்.

2022 இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற காலத்தை நினைத்துப் பார். எந்தப் பெயர் என்று ஒருவர் கேட்டாரா? அதற்கு முன் ஒரு மாவைத் தவிர வேறெதையும் தொடாத வீடுகள் கிடைத்ததைக் கரைத்துக் குடித்தன. அப்புறம் விலை கொஞ்சம் இறங்கியதும் பழைய மாவுக்கே திரும்பிவிட்டார்கள், அது வேறு கதை. உன் அம்மாவின் சவர்க்காரமும் அந்தக் கதைதான். அதில் நான் வாய் திறப்பதில்லை.

மருந்து விடயத்தில் பலர் தேவையில்லாமல் செலவழிக்கிறார்கள். காய்ச்சலுக்குப் பனடோல் என்று கேட்டு வாங்குகிறோம். உள்ளே இருப்பது பரசிற்றமோல் 500 மில்லிகிராம். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் குளிசையிலும் அதே 500 மில்லிகிராம்தான், விலை குறைவு. பேராசிரியர் சேனக பிபிலே 1971 இல் அந்தக் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி வைத்ததே இதற்காகத்தான். மருந்தைக் கம்பனிப் பெயரில் வாங்காமல் மருந்தின் சொந்தப் பெயரில் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்கினால் ஏழைக்கும் கட்டும் என்று காட்டினார். கொழும்பில் அந்தக் கூட்டுத்தாபனத்தின் மருந்துக்கடையான ஒசுசலவின் கிளைகள் இருக்கின்றன, பக்கத்தில் எது என்று விசாரித்து வை. ஒன்று மட்டும் கவனம்: தைரொயிட் குளிசை, வலிப்புக் குளிசை போன்றவற்றை விலை பார்த்து ஒரு கம்பனியிலிருந்து இன்னொன்றுக்கு நீயாக மாற்றக் கூடாது. அளவில் சின்ன வித்தியாசமும் உடம்பில் தெரியும். அம்மாவின் குளிசையை மாற்றுவதென்றால் டொக்டரிடம் கேட்காமல் நான் மாற்றுவதில்லை.

இனி மின்சாரச் சாமான். இதில் என் பேச்சைக் கேள், மிச்சம் பிடிக்காதே. நீ வாங்கப்போகும் கேத்தில் 2000 வாட்ஸ் என்று வைத்துக்கொள். நம் 230 வோல்ற்றில் அது ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். நடைபாதையில் விற்கிற எக்ஸ்டென்ஷன் கோட்டின் பிளக்கில் 13 அம்பியர் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள், வயரைக் கையில் எடுத்தால் நூல் போல இருக்கும். செம்பு இருக்க வேண்டிய இடத்தில் செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியம் இருந்தாலும் வெளியே தெரியாது. கேத்தில் கொதிக்கும்போது வயரைத் தொட்டுப் பார்த்தால் அதுவும் சுடும். உள்ளே இருப்பதை உன்னால் பிரித்துப் பார்க்க முடியாது, பிழைத்தால் வீடே எரியும். இங்கேதான் பெயருக்குக் காசு கொடுக்க வேண்டும். அதிலும் பெயரைவிட முதலில் எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரையைத் தேடு. ஸ்கூட்டிக்கு வாங்கும் ஹெல்மெட்டுக்கும் இதே விதிதான்.

பூட்டு விடயம் வேறு. உன் அனெக்ஸ் கடலோர மரைன் டிரைவ் பக்கம் என்றாய். அப்படியென்றால் நம் உப்புவெளியில் அடிக்கிற அதே உப்புக் காற்று அங்கேயும் அடிக்கும். இங்கே பெரிய பெயர் போட்ட இரும்புப் பூட்டும் ஒரு மாரிக்குப் பிறகு திறப்பை விழுங்கிக்கொண்டு நிற்கும். பெயரைப் பார்க்காமல் பித்தளையா என்று பார். கடையிலேயே ஒரு சின்னக் காந்தத்தைப் பூட்டின் உடம்பில் வை. ஒட்டினால் அது பித்தளை நிறம் பூசிய இரும்பு. வளையத்தில் ஒட்டும், அது உருக்கு, பயப்பட வேண்டாம். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

கடைசியாக நீ ஆசைப்படுகிற அந்தப் பேர் பெற்ற சப்பாத்து. ஒபிசில் எல்லோரும் கால் பார்க்கிறார்கள் என்று நீ சொன்னது எனக்கு விளங்குகிறது, அதை லேசாக நினைக்கவும் இல்லை. புது இடத்தில் நிமிர்ந்து நடக்க உதவுகிறதென்றால் ஒரு சோடிக்குக் கூடக் கொடுப்பதில் பிழையில்லை, ஒரு சோடிக்கு மட்டும். உடுப்புக்கு அது வேண்டாம். 1978 இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் தொடங்கிய நாள் தொட்டு வெளிநாட்டுப் பெயர்களுக்கு உடுப்புத் தைப்பது நம் நாட்டுப் பிள்ளைகள்தானே. ஏற்றுமதியில் மிஞ்சியது கொழும்புக் கடைகளுக்கு வருகிறது. உள்பக்கத் தையலை இழுத்துப் பார்த்து வாங்கு, லேபலை வெட்டியிருந்தால் என்ன?

மிளகாய்த்தூள் மட்டும் எந்தப் பெயரிலும் வாங்காதே. அம்மா மில்லில் கொடுத்து அரைத்து வைத்திருக்கிறார், சனிக்கிழமை பஸ்ஸில் சித்தப்பா கொண்டுவருவார். ரைஸ் குக்கர் வாங்கும்போது வொறன்ரி கார்ட்டில் கடை முத்திரையும் திகதியும் போட்டுத் தரச்சொல். பில்லை அன்றைக்கே படம் எடுத்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பு. அந்தக் கடதாசியில் எழுத்து சில மாதத்தில் மங்கிப்போகும், பிறகு பில் இல்லை என்று கடையில் கையை விரித்துவிடுவார்கள்.

அன்புடன்
அப்பா