அதிபர் கடிதம்: இன்னும் வெங்காயம்தான் வெட்டுகிறதா பிள்ளை?

அன்பான அம்மா அப்பாமாருக்கு,

வணக்கம். போன கிழமை மட்டும் ஐந்து பேர் போன் எடுத்தீர்கள். கேட்ட விதம் வேறு வேறு, விஷயம் ஒன்றுதான்: "சேர், சமையல் பள்ளிக்கூடத்தில சேர்ந்து ரெண்டு மாசமாச்சு, பிள்ளை இன்னும் வெங்காயம்தான் வெட்டுதாம், சட்டிதான் கழுவுதாம். இதை வீட்டிலேயே செய்யலாமே?" ஒரு தாத்தா இன்னும் நேராகக் கேட்டார். அவருடைய அப்பா தோட்டத்துத் துரை பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல்காரராக, இருந்தவராம், "பேரனும் குசினிக்குத்தானா?" என்றார். போனில் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பிள்ளை எத்தனை மணிக்கு எழும்பி, இருட்டில் எந்த பஸ்ஸைப் பிடித்து ஹட்டனுக்கு வருகிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். இங்கே 7 மணிக்கு வரிசை. நகம், முடி, சப்பாத்து பார்ப்போம், மோதிரம் காப்பு கழற்றச் சொல்வோம். கோயிலில் கட்டிய கயிற்றையும் கழற்றச் சொன்னதில் சில அம்மாமாருக்குக் கோபம். சாமிக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை, ஈரம் ஊறின நூலில் கிருமி தங்கும், அவ்வளவுதான். இடுப்பில் கட்டிவிடுங்கள்.

அப்புறம் கத்தி. கரட்டை 3 மில்லிமீற்றர் சதுரமாக, எல்லாத் துண்டும் ஒரே அளவில் வெட்ட வேண்டும். அழகுக்கு என்று நினைக்காதீர்கள், அளவு மாறினால் ஒரு துண்டு குழையும், பக்கத்துத் துண்டு நறுக்கென்று இருக்கும். வெங்காயத்துக்கும் காரணம் உண்டு. மழுங்கின கத்தி வெங்காயத்தை நசுக்கும், நசுங்க நசுங்கத்தான் கண்ணை எரிக்கிற அந்த வாயு கூடுதலாக வரும். ஆக, அழுதுகொண்டே வெட்டும் பிள்ளை இன்னும் கத்தி தீட்டப் படிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். இறைச்சிக்குச் சிவப்புப் பலகை, மீனுக்கு நீலம், சலாதுக்குப் பச்சை. மாற்றி வைத்தால் முழுவதையும் கழுவித் திரும்பத் தொடங்க வேண்டும், அதில் இரக்கம் கிடையாது.

பத்து மணிக்கு அடுப்பு பற்றும். நாற்பது பேருக்குச் சோறு, பருப்பு, லீக்ஸ், ஒரு சம்பல். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இங்கேதான் வரும். கடற்கரையில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். நாம் இருப்பது கிட்டத்தட்ட 1,270 மீற்றர் உயரத்தில், இங்கே 96 பாகையிலேயே கொதித்துவிடும், நுவரெலியாவில் 94. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், உள்ளே கடலை வேகாமல் கிடக்கும். உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது, பருப்பு பழசு என்று கடைக்காரரைத் திட்டுகிறீர்கள். விறகைக் கூட்டினாலும் பிரயோசனமில்லை, தண்ணீர் வற்றுமே தவிர சூடு ஏறாது, மூடி வைத்துப் பொறுமையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிரஷர் குக்கர். இங்கே பழகின நேரத்தை அப்படியே கொண்டுபோய்க் கொழும்பு ஹோட்டலில் அவித்தால் எல்லாம் களியாகிவிடும். நேரத்தை மனப்பாடம் பண்ணாதே, தானியத்தை நசுக்கிப் பார் என்று தினமும் கத்துகிறேன்.

மத்தியானத்துக்குப் பிறகு கணக்கு. பத்து கிலோ கரட் வாங்கினால் தோல், முனை போய் எத்தனை கிலோ தேறும், ஒரு கோப்பைக்கு என்ன செலவு, எந்த விலைக்கு விற்றால் கட்டும்? சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தைக் கோட்டை விட்ட பிள்ளைகள் இதை மனக்கணக்காகச் சொல்கிறார்கள், கேட்டால் நீங்களே நம்ப மாட்டீர்கள். அப்புறம்தான் சட்டி கழுவுவது. நான் கொழும்பில் ஒரு ஹோட்டலில் சேர்ந்தபோது நாலு மாதம் சட்டி மட்டும்தான் கழுவினேன், எனக்கு யாரும் ஏன் என்று சொல்லவில்லை, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. அதனால் இங்கே ஏன் என்று சொல்லித்தான் கழுவ வைக்கிறோம்.

அந்தத் தாத்தாவுக்கு இப்போது சொல்கிறேன். உங்கள் அப்பா நல்ல சமையல்காரராகத்தான் இருந்திருப்பார். ஆனால் துரை மாறினால் அவருக்கு வேலை தெரியும் என்று காட்ட ஒரு கடதாசி இருந்திருக்குமா? பேரன் என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழில் மட்டம் 4 வரை போகலாம். அதில் பரீட்சகர் பக்கத்தில் நின்று அவன் செய்வதைப் பார்த்துத்தான் தேர்ச்சி கொடுப்பார், வெட்டத் தெரியாமல் அங்கே தப்ப முடியாது.

இன்னும் இரண்டு விஷயம். ஏப்ரல் சீசன் வந்தால் நுவரெலியா ஹோட்டல்கள் ஆள் தேடும், நாட்கூலி நல்லாயிருக்கும், பிள்ளையை இடையில் நிறுத்தி அனுப்பத் தோன்றும். வீட்டு நிலைமை எனக்குத் தெரியாமல் இல்லை. முடிவெடுக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், லீவு நாளில் போகிற மாதிரி ஏதாவது செய்யலாம். மற்றது, பையன் வீட்டில் அடுப்படிக்குப் போனால் சித்தப்பாமார் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும், ஆனால் அவன் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

வருகிற மாதம் இரண்டாம் சனிக்கிழமை எல்லாரும் பகல் சாப்பாட்டுக்கு வாருங்கள், பிள்ளைகள்தான் சமைக்கிறார்கள். சோறு சரியாக 12.30க்கு மேசைக்கு வரும். சோறு 60 பாகைக்குக் கீழே ஆறிக் கிடந்தால் கிருமி பெருகும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறோம், அதனால் பிந்தி வருகிறவருக்கு எடுத்து வைக்க அவர்களே சம்மதிக்க மாட்டார்கள். முந்தின பஸ்ஸில் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அதிபர்