செயலாளர் ஆண்டறிக்கை: ஸ்காபரோ ஊர்ச் சங்கம், ரொறன்ரோ, கனடா

தலைவர் அவர்களே, நிர்வாகசபையினரே, வந்திருக்கும் சொற்ப அங்கத்தவர்களே, வணக்கம்.

பொங்கல் விழா, வாணி விழா, கோடைகால ஒன்றுகூடல் மூன்றும் வழமைபோல் நடந்தன. ஊர்ப் பாடசாலைக்குக் கொப்பிகள் அனுப்பினோம். நிர்வாகசபைக் கூட்டங்கள் சில, ஆள் போதாமல் ஒத்திவைக்கப்பட்டன. பனி கொட்டுகிறது என்றார்கள். ஜூன் மாதக் கூட்டத்துக்கு என்ன கொட்டியது என்று தெரியவில்லை.

அடுத்தது, எங்கள் மூத்தவர்கள் இங்கே வந்துசேர்ந்த கதைகளின் ஒலிப்பதிவு. இது செயலாளரின் சொந்த ஆசைக்குச் சங்கக் காசு என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பதிந்த அண்ணை பெயர் போடவேண்டாம் என்றார். 83 கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் விமானம் ஏறிக் கிழக்கு பெர்லின், அங்கிருந்து ரயிலில் மேற்கு பெர்லின். அந்தக் காலத்தில் எங்கள் பெடியள் பலருக்குத் தெரிந்த வழி அது. அகதி விடுதியில் வேலை அனுமதியில்லாமல் இருந்து, 1986 இல் கடன் காசில் கப்பல் ஏறினார். ஆகஸ்ட் 11 அன்று கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில், கப்பல் இறக்கிவிட்டுப் போன இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 பேர் மிதந்தார்களே, அதில் ஒருவர். கஸ் டால்டன் என்ற மீன்பிடிக் கப்டன் கண்டிராவிட்டால் மூடுபனிக்குள்ளேயே முடிந்திருக்கும்.

இந்தியாவிலிருந்து வந்ததாகத்தான் முதலில் சொன்னார்கள். ஜெர்மனி என்றால் அங்கேயே திருப்பிவிடுவார்கள் என்ற பயம். உண்மை வெளிவந்ததும் வசவு விழுந்தது. அந்த இடத்தில் அண்ணை மைக்கை நிறுத்தச் சொன்னார். தேத்தண்ணி குடித்தபின் அவரே திரும்பத் தொடங்கினார். ஒரு வருட அனுமதி கிடைத்தது. பிறகு ரொறன்ரோவின் சென்ற் ஜேம்ஸ் டவுனில் ஒரே அறையில் பலபேர், இரவில் உணவகத்தில் கோப்பை கழுவல்.

அடுத்து ஒரு மாமியைத் தனியாகப் பதிந்தோம். 1987 ஒக்டோபரில், இந்திய இராணுவச் சண்டை நேரம், கைக்குழந்தையோடு நல்லூர்க் கோவிலில் சனத்தோடு சனமாகக் கிடந்தது, ஸ்பொன்சர் கடிதத்துக்குக் காத்திருந்தது, வந்திறங்கிக் குளிர் பழகமுதலே தொழிற்சாலை இரவு வேலைக்குப் போனது. பக்கத்தில் இருந்து கேட்ட மகளுக்கே இதில் பாதி புதிது. காசு வீண் என்பவர் அந்தப் பதிவை ஒருதரம் கேட்கட்டும். அப்புறம் கதைப்போம்.

வரவு செலவு ஏறக்குறையச் சமன். விபரம் பொருளாளர் சொல்வார். சந்தா கட்டாதோர் பட்டியல் என்னிடம் உண்டு, வாசிக்கமாட்டேன். மார்க்கம் நகரில் மூன்று கார் நிறுத்தும் வீடு வாங்கியவர்களும் அதில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

மண்டபம் தந்தவர்களுக்கும் ஒலி, ஒளி உதவியவர்களுக்கும் சிற்றுண்டி செய்த மகளிர் அணிக்கும் நன்றி.

வரும் ஆண்டு செயலாளர் பதவியை யாராவது இளையவர் எடுத்தால் சந்தோசம். எடுக்க ஆளில்லை என்றால், சரி, நான் இருக்கிறேன். ஆனால் பதியவேண்டியவர்களுக்கு வயது எண்பதைத் தாண்டுகிறது, சங்கத்தின் கையில் காசும் இல்லை. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் நிற்பார். பின்கதவு இன்று பூட்டு.