வாய்ப்புற்று நோயாளர்களின் இரத்தப் பரிசோதனையை எங்கள் பகுதியிலேயே செய்து தரக் கோரும் மனு

பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கட்கு,

ஐயா,

இதே விடயமாக நான் முன்னர் அனுப்பிய மனுக்களுக்குப் பதில் வரவில்லை. பதிவுத் தபால் துண்டுகள் என்னிடம் இருக்கின்றன. வேலைப்பளுவில் தவறியிருக்கலாம் என்று எண்ணி மீண்டும் பணிவுடன் எழுதுகிறேன்.

1. என் அப்பா வயல் செய்தவர். கன்னத்தின் உட்புறத்தில் வந்த புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து, இப்போது யாழ்ப்பாணப் பக்கம் கிளினிக் போய்வருகிறார். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப்புற்றுநோய்தான் என்பது ஐயாவுக்குத் தெரியும். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்டுவிட்டது. வெற்றிலைத் தட்டம் இல்லாத வீடு வன்னியில் எத்தனை? எங்கள் ஊரில் இந்த நோயோடு இருப்பவர் அப்பா மட்டும் அல்ல.

2. கிளினிக்குக்குப் போகும்போது இரத்த ரிப்போட் கையில் இருக்க வேண்டும். எங்கள் பகுதி வைத்தியசாலையில் கேட்டால் ஒருநாள் இயந்திரம் பழுது, இன்னொருநாள் இரசாயனம் முடிந்துவிட்டது, அப்புறம் ஆய்வுகூடத்தில் ஆளில்லை. தனியாரிடம் காசு கட்டி எடுத்த ரிப்போட்டில் வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கை மட்டும் இருந்தது, வகை பிரித்த கணக்கு இல்லை. ஆகவே கிளினிக்குக்கு ஒரு பயணம், அதற்கு முன்னர் இரத்தம் கொடுப்பதற்கென்றே இன்னொரு பயணம்.

அந்தப் பயணம் எப்படிப்பட்டது என்பதைத்தான் ஐயா கவனிக்க வேண்டும். எங்கள் உள் வீதியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். விடிய முன் ஓட்டோ பிடித்து ஏ9 வீதிக்கு வந்து, முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டு, ஆனையிறவு தாண்டிப் போகிறோம். அப்பாவின் வாய்க்குள் இரண்டு விரல்கூடப் போகாது. மூக்குக் குழாயால்தான் சாப்பாடு. பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தாலும் ஓட்டத்தில் குழாய் இழுபடும். எச்சில் நிற்காமல் வழிய, துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியே இருப்பார். பக்கத்தில் இருப்பவர் எழும்பிப் போய்விடுவார். போத்தலில் கரைத்துக் கொண்டுபோன கஞ்சியைக் குழாயில் விட மறைவான இடம் கிடையாது. ஊர்ப் பொதுக்கூட்டங்களில் எழும்பிப் பேசிய மனுஷன், ஐயா. இப்போது “என்னைக் கூட்டிக்கொண்டு போகாதே பிள்ளை” என்று கொப்பியில் எழுதிக் காட்டுகிறார். ஒரு சிறு குப்பி இரத்தத்துக்காக இவ்வளவும்!

3. அந்தக் குப்பியில் என்ன இருக்கிறது என்பதைக் கிளினிக் வைத்தியர் எனக்கு விளக்கினார். நியூட்ரோபில், லிம்போசைற் என்பன வெள்ளை அணுக்களின் இரண்டு வகைகள். நியூட்ரோபில் எண்ணிக்கையை லிம்போசைற் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். தலை, கழுத்துப் புற்றுநோயில் இந்த விகிதம் உயர்ந்திருப்பவர்களுக்கு நோய் திரும்பும் அபாயமும் உயிராபத்தும் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றனவாம். கிருமித் தொற்றாலும் அது ஏறும், கதிர்வீச்சு லிம்போசைற்றைக் குறைப்பதாலும் ஏறும். அதனால் ஒரு ரிப்போட்டை வைத்து எதையும் சொல்ல முடியாது, தொடர்ந்து எடுத்து ஒப்பிட வேண்டும் என்றார். ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் கதிர்வீச்சு சரியாக வேலை செய்யாது. அல்புமின் என்ற இரத்தப் புரதம் இறங்கினால் உடம்பு தாங்காது. கழுத்தில் கதிர்வீச்சு பட்டவர்களுக்குத் தைரொயிட் சுரப்பி சோர்ந்துபோகலாம், அதற்கும் இரத்தம்தான் பார்க்க வேண்டும். தொடர்ந்து எடுக்கச் சொல்கிறார்கள், நாங்கள் எங்கே போய் எடுப்பது?

4. நாங்கள் பெரிய பரிசோதனை கேட்கவில்லை. எஸ்சிசி அன்டிஜன், சைஃப்ரா 21-1 என்று இரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறியீடுகள் இருக்கின்றன. வாய்ப்புற்றுநோயில் அவற்றை மட்டும் நம்பிச் சிகிச்சையை முடிவுசெய்வதில்லை, அப்பாவுக்கு இப்போது அவை தேவையில்லை என்று வைத்தியரே சொல்லிவிட்டார். மூக்கின் பின்பக்கம் வரும் புற்றுநோய்க்கு இரத்தத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் டிஎன்ஏயை அளக்கிறார்களாம். அது அப்பாவின் நோயல்ல. நாங்கள் கேட்பது சாதாரண முழு இரத்த எண்ணிக்கை, காய்ச்சலுக்கு எடுப்பார்களே, அதே பரிசோதனை! அதுகூட வன்னியில் இருப்பவனுக்கு இல்லையென்றால் எங்களை என்னவென்று நினைத்திருக்கிறீர்கள்?

கோபத்தில் எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு விதமாக எழுத வரவில்லை.

5. இயந்திரம் திருத்தும்வரை இதையாவது செய்யுங்கள். கிழமையில் ஒரு நாள் காலை எங்கள் பகுதி வைத்தியசாலையிலேயே இரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, யாழ்ப்பாணம் போகும் அம்புலன்ஸில் அனுப்புங்கள். வெயிலில் கிடக்காமல் அன்றே எண்ண வேண்டும், அவ்வளவுதான். ரிப்போட்டை எங்கள் தொலைபேசிக்கு அனுப்பினால் கொப்பியில் ஒட்டிக்கொண்டு கிளினிக் நாளில் மட்டும் போவோம். நோயாளி போகத் தேவையில்லை, குப்பி போனால் போதும்.

6. தயவுசெய்து பதில் போடுங்கள், ஐயா. முடியாது என்றாலும் எழுத்தில் தாருங்கள். அடுத்த கிளினிக்குக்கு முன்னராவது இரத்தத்தை இங்கேயே எடுக்க உத்தரவிடும்படி மீண்டும் மன்றாடிக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்

பிரதி: பிரதேச செயலாளர், வைத்தியசாலை அபிவிருத்திக் குழு