கோயில்குட்டியாரின் மூன்று மாதச் சம்பளம்: நம் சேகரக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் போதகர் கனம் ஐயரவர்களுக்கும், சபைக் காரியங்களை நடத்தும் சேகரக் குழுவில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

போன மாதம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு சேவல் 4,500 ரூபாய்க்குப் போனது ஞாபகம் இருக்கும். விலை ஏற ஏற நாம் எல்லாரும் கைதட்டினோம். அந்தச் சேவலின் காலைப் பிடித்துத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றவர், நம் கோயில் வேலைகளையெல்லாம் பார்க்கும் கோயில்குட்டியார். அவருடைய மாதச் சம்பளம் அதைவிட 500 ரூபாய் குறைவு. அதையும் மூன்று மாதமாக நாம் கொடுக்கவில்லை.

குழுவில் பேச வேண்டியதை மடலாக எழுதலாமா என்று கேட்பீர்கள். இரண்டு தடவை பேசிப் பார்த்தேன். "கணக்கு முடியட்டும், பார்ப்போம்" என்றீர்கள். அவரிடம் கேட்டால், "ஆண்டவர் பார்த்துக்கிடுவார்யா" என்று சிரிக்கிறார். நாலரைக்கு முதல் மணி அடிப்பது, திருவிருந்துக் கிண்ணத்தைத் துடைத்து வைப்பது, சாவு விழுந்தால் குழி வெட்ட ஆள் பிடிப்பது எல்லாம் அவர்தான். ஒருநாள் மணி பத்து நிமிஷம் பிந்தியதற்கு மூன்று பேர் போன் போட்டுக் கேட்டார்கள். சம்பளம் பிந்தியதற்கு ஒருவரும் கேட்கவில்லை.

கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது வேதத்தில் லேவியராகமம் 19. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடும், அது கர்த்தரின் செவியில் விழும் என்கிறார் யாக்கோபு. இரண்டையும் வாசித்து ஆமென் சொல்லிவிட்டு, ஏதாவது ஆவிக்குரிய அர்த்தம் தேடிக்கொள்கிறோம். எனக்குத் தெரிந்து கூலி என்றால் கூலிதான்.

காசில்லாத சபையா நாம்? பின்னாளில் பேராயரான வெள்ளாளன்விளை அசரியாவும் மற்றவர்களும் 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்கவில்லை. திருநெல்வேலிக்காரர்களின் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பக்கம் ஊழியத்துக்கு ஆள் அனுப்பினார்கள். என் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று தனிப் பானையில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவாள். நாங்கள் அரை வயிறாகக் கிடந்த நாளிலும் அந்தப் பானையில் கை வைக்க விடமாட்டாள். இப்போது நாம் கோயில் பிரதிஷ்டை பண்டிகை வாண வேடிக்கைக்கு முன்பணமே கொடுத்தாயிற்று.

சரி, நான் மட்டும் யோக்கியனா? போன வருஷம் வீட்டுக்குப் பூச்சு வேலை நடந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சில்லறை இல்லை என்று சொல்லி, சித்தாள் அக்காவைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டேன். மறுநாள் ஆராதனையில் அந்த அக்கா எனக்கு மூன்று வரிசை பின்னால், இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். காணிக்கைப் பை வந்தபோது நான் ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை மடித்துப் போட்டேன். பை அப்படியே பின்வரிசைக்குப் போனது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆராதனை முடிந்ததும் பக்கவாசல் வழியாக வந்துவிட்டேன்.

அதனால் கேட்கிறேன். பண்டிகைக் கொடி ஏறுவதற்கு முன் கோயில்குட்டியாருடைய மூன்று மாதப் பாக்கியைக் கொடுத்துவிடுங்கள். இனி மாதம் பிறந்ததும் முதல் செக் அவருக்கே போகட்டும். பாக்கிக்கு என் பங்கை ஐயரம்மாவிடம் கவரில் கொடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம் நடக்கும்போது வெளியே வேப்பமரத்தடியில்தான் இருப்பேன். கூப்பிட்டால் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சபையில் ஒருவன்