1947இல் மறைந்த இருவரை ஒரே பக்கத்தில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்டு முடிவில் உங்கள் பத்திரிகையில் அவ்வருடம் மறைந்தவர்களுக்கென்று ஒரு பக்கம் வரும். நடிகர், அமைச்சர், பாடகர் என்று தபால் தலை அளவில் படங்கள். ஒரு பெயர் விடாமல் வாசிப்பவன் நான். பழைய ஆண்டுகளுக்கும் அப்படி ஒரு பக்கம் போட்டால் என்ன? முதலில் 1947ஐ எடுங்கள்.

அந்த ஆண்டு ஜூலை 19ஆம் திகதி துறவியும் தமிழறிஞருமான சுவாமி விபுலாநந்தர் கொழும்பில் மறைந்தார். காரைதீவில் பிறந்து கல்லடி உப்போடையில் அடக்கம் செய்யப்பட்டவர். எங்கள் மட்டக்களப்புப் பகுதியில் அந்தத் திகதியை யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, செப்டெம்பர் 9ஆம் திகதி அமெரிக்காவில் பொஸ்டனுக்குப் பக்கத்திலே கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி மறைந்தார். கொழும்பில் பிறந்தவர், தகப்பன் சேர் முத்து குமாரசுவாமி. எழுபது வயது நிறைந்து மூன்று வாரம் ஆகுமுன் போய்விட்டார். இங்கே அந்த நாள் யாருக்கும் தெரியாமல் கடந்து போகிறது.

(அதே ஆண்டு ஒக்டோபரில் பௌதிக விஞ்ஞானி மக்ஸ் பிளாங்க்கும் காலமானார். பௌதிகவியல் படிப்பித்தவன் என்பதால் அவரையும் சேர்க்க எனக்கு ஆசை. இடமிருந்தால் பாருங்கள்.)

திகதி கிட்டக் கிட்ட வருவதற்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. இருவரும் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரிகள். குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிமவள ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தார். கல்லும் மண்ணும் பார்க்கப் போன இடங்களில் கைவினைஞரின் வேலையைக் கண்டு நின்றுவிட்டார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெரிய நூல் 1908இல் வந்தது. 1917இல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனார். சிவ நடனம் பற்றிய கட்டுரைத் தொகுதி அடுத்த ஆண்டு வெளியானது.

"விஞ்ஞானத்தைத் துறந்து கலைக்கு வந்தவர்கள்" என்று மேடையில் பேசுவார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பழந்தமிழர் யாழைப் பற்றி சுவாமி எழுதிய யாழ் நூலைத் திறந்து பாருங்கள், பின்னங்களும் அலகுக் கணக்குகளுமாக இருக்கும். உயர்தர வகுப்பில் சுரமானி என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அதில் கம்பியைக் கட்டி மரப்பாலத்தை நகர்த்திக் காட்டுவோம். நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ஸட்ஜம். மூன்றில் இரண்டாக்கினால் பஞ்சமம். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் இசை, நடன இலக்கணம் சொல்லும் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்குள் இறங்கினார் சுவாமி. வழக்கொழிந்துபோன யாழை மீட்டெடுக்க அவருக்குப் பதினான்கு வருடம் பிடித்தது. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் நூல் அரங்கேறியது. அடுத்த ஒன்றரை மாதத்தில் அவர் இல்லை.

இதெல்லாம் எங்கள் ஜூலை விழாக்களில் வருகிறதா? மாலை போடுகிறோம், பிள்ளைகள் "வெள்ளை நிற மல்லிகையோ" பாடுகிறார்கள், அப்புறம் அதிதிகள் பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பாட்டைக் குறை சொல்லவில்லை. சமாதியிலேயே பொறித்த பாட்டு அது. ஆனால் நான் போன விழா எதிலும் கணித, விஞ்ஞான ஆசிரியர் ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. கதிரை அடுக்கத்தான் எங்களைக் கூப்பிடுவார்கள்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். செப்டெம்பர் 9 அன்று உங்கள் பத்திரிகையில் இருவரையும் சேர்த்து அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். பாடசாலை அதிபர்மாருக்கு மற்றது: வருகிற ஜூலையில் ஆய்வுகூட அலுமாரியிலிருந்து சுரமானியை எடுத்துத் தூசி தட்டி மேடைக்குக் கொண்டு வாருங்கள். சங்கீத ரீச்சர் சுரம் பிடிக்கட்டும், உயர்தரப் பிள்ளை ஒருவர் நீளத்தை அளந்து சொல்லட்டும். பத்து நிமிடம் போதும். அதிதி ஒருவரின் உரையைக் குறைத்தால் நேரம் சரியாக வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.